மீன் நகரவில்லை

மூன்றாம் முறையும் திரையில் அதே செய்தி:
“விண்மீன் போதுமான அளவு நகரவில்லை.”

சதர்லாந்துக்கு வெளியே
ஹெஸ்டரம்மாவின் ஆட்டுப்பண்ணை.
ஜூலைக் குளிர்
தண்ணீர்க் குழாயைக் கல்லாக்கியிருந்தது.
பூவேந்திரன் கேபிளை மாற்றினான்.
பீட்டர்மாரிட்ஸ்பர்க்கில் அவன் லிஃப்ட் மெக்கானிக்.
உலகில் எது நின்றாலும்
குற்றம் கேபிளில்தான் என்பது அவன் வேதம்.
புதுக் கேபிள்.
பழைய செய்தி.
மோட்டாரின் மூடியைக் கழற்றி
பற்சக்கரத்துக்குள் டார்ச் அடித்தான்.
“ஓடுது அண்ணி. நல்லாத்தான் ஓடுது.”

மோட்டார் ஓடுகிறது.
மீன் நகரவில்லை.
இரண்டும் உண்மையென்றால்
பொய் சொல்வது யார்?

இங்கே துருவன் கிடையாது.
அப்பன் மடியில் இடம் கேட்டு அழுத பிள்ளைக்கு
வடக்கில் ஒரு நாற்காலி போட்டார்கள்.
தெற்கு நாற்காலி இன்னும் காலி.
அதன் பக்கத்தில் நாலு மங்கல் மீன்கள்,
கோணல் சதுரமாய்.
மண்டியிட்டு, கழுத்தை ஒடித்து,
அவற்றைத் தேடியே
முதல் ஒன்றரை மணி நேரம் போயிருந்தது.

நான் படமெடுக்க வந்தது
அந்த நாற்காலியின் கைப்பிடியில் ஒட்டிய
ஒரு புகை.
எத்தனை கோடிச் சூரியன்களோ, எனக்குப் புகை.
துருவத்திலிருந்து ஒரு பாகைகூட இல்லை.
ஐந்தைந்து நிமிடமாய் நாற்பது படம் என்று
காகிதத்தில் எழுதி வைத்திருந்தேன்.
ஆயிரத்து முன்னூறு கிலோமீட்டர்
பிக்கப்பில் குலுங்கி வந்தவளின் கணக்கு.

காற்று எழுந்தது.
தொட்டிக்கு மேலே ஹெஸ்டரம்மாவின் காற்றாலை
கிரீச்சிட்டுத் திரும்பியது.
இறக்கை நுனி நட்சத்திரங்களை மறைத்து மறைத்து
ஒரு பெரிய வட்டம் போட,
நட்டநடு ஆணி
இருந்த இடத்திலேயே இருந்து
அதே வட்டத்தை அதே நேரத்தில் முடித்தது.

அட.
ஆணியைப் பார்த்து, ஏன் நகரவில்லை என்று
கேபிள் மாற்றிக்கொண்டிருக்கிறோம்.

“நடுக்கோட்டுக்குப் போகணும் பூவேந்திரா.
தள்ளினா, தள்ளின தூரம் போற மீன் வேணும்.”

குழல் சுழன்று வடக்கே திரும்பியது.
நள்ளிரவில் உச்சிக்கோட்டருகே திருவோணம்.
என் ஜென்ம நட்சத்திரம்.
“கல்யாணத்துக்குப் பொருத்தம் பாப்பாங்க, மெஷினுக்குமா?”
அதற்குப் பக்கத்தில்
பெயரில்லாத ஒரு பொடி மீனைப் பிடித்தேன்.
மேற்கே பன்னிரண்டு தள்ளல். போனது.
கிழக்கே பன்னிரண்டு. வந்தது.
வடக்கே போனது.
தெற்கே தள்ளியபோது
முதல் நாலு தள்ளலுக்கு முரண்டு பிடித்து நின்று
பிறகு வந்தது.
பல்லுக்கும் பல்லுக்கும் நடுவே உள்ள சந்து.
அதையும் குறித்துக்கொண்டேன்.

மறுபடி தெற்கு.
வரைபடக் கோடு
அழுது ஓய்ந்த பிள்ளையின் மூச்சாய்ச் சமனானது.

முதல் படம் வந்தது.
வழிகாட்டி மீன் மட்டும் புள்ளி.
மற்றவையெல்லாம் அதைச் சுற்றி
நகக்கீறல்கள்.

பூவேந்திரன் வெகுநேரம் பேசவில்லை.
“மூடியைக் கழட்டும்போது
முக்காலிமேல கொஞ்சம் சாஞ்சேன் அண்ணி.”
“கொஞ்சம்னா?”
“சாஞ்சேன்.”

மறுபடி மண்டியிடல். மறுபடி நாலு மங்கல் மீன்கள்.
உயரத் திருகில் அரைச் சுற்று,
பக்கத் திருகில் ஒரு மயிரிழை.
மூன்று மணி பத்து நிமிடத்துக்கு
ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரம் வரை
எல்லாமே புள்ளி.
நடுவில் புகை,
இப்போது அதற்கு ஒரு சாய்வு இருந்தது.

நாற்பதில் இருபத்தொன்பது கிடைத்தது.
அதில் ஒன்றை ஆடு கெடுத்தது.

விடிந்தபோது பூவேந்திரன்
பிக்கப்பின் முன்சீட்டில் தூங்கிக்கொண்டிருந்தான்,
பழைய கேபிளைச் சுருட்டி மடியில் வைத்து.
தூக்கிப் போடு என்றால் மாட்டானாம்.
நல்ல கேபிளாம்.